சுழற்றிப் பார், பிறகு பெயர் சொல்: சுண்ண நானோ புதைபடிவங்களை நுண்ணோக்கியில் அடையாளம் காணும் முழு வழிகாட்டி

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை ஊரை ஒட்டி, மழைநீர் அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் களிமண் பள்ளங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அங்கே போகிறவர்கள் குனிந்து தேடுவது துப்பாக்கிக் குண்டு போன்ற பெலெம்னைட், சுருண்ட அம்மோனைட் என்ற கடலுயிர்ப் புதைபடிவங்களைத்தான். காலில் ஒட்டிக்கொண்டு வரும் களிமண்ணை யாரும் மதிப்பதில்லை, வண்டியில் ஏறும் முன் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பாறையின் வயதைச் சொல்லும் சாட்சிகள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. கடுகளவு போதும்.

இந்த வழிகாட்டி அந்தக் கடுகளவு மண்ணில் கிடக்கும் சுண்ண நானோ புதைபடிவங்களைப் பற்றியது, அதாவது ஒருசெல் பாசிகள் விட்டுச்சென்ற, கண்ணுக்குத் தெரியாத கால்சைட் (சுண்ணக் கனிமம்) தகடுகளைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்குக் காரைக் களிமண்ணையே வைத்துக்கொள்கிறேன். கிரேட்டேசியஸ் காலத்தின் ஆல்பியன் கட்டம் முதல் டூரோனியன் கட்டம் வரை, அதாவது ஏறக்குறைய 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது அது. உங்கள் கையில் இருப்பது இந்தியப் பெருங்கடலின் ஆழ்கடல் சேறாக இருந்தாலும் முறை ஒன்றுதான். அதற்கென்று பின்னால் ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

காக்கோலித்தோஃபோர் என்பது கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் ஒருசெல் பாசி. ஹாப்டோஃபைட் பிரிவைச் சேர்ந்தது. தன்னைச் சுற்றிக் கால்சைட் தகடுகளை அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தகடும் ஒரு காக்கோலித். பாசி இறந்ததும் பெரும்பாலும் உறை உதிர்ந்துவிடும். நமக்குக் கிடைப்பது தனித்தனித் தகடுகள்தான். அளவு பொதுவாக 2 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

1836-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஏரன்பெர்க் சுண்ணப்பாறையில் இந்தத் தட்டுகளைப் பார்த்தார், உயிரற்ற படிகம் என்று நினைத்தார். 1858-இல் அட்லாண்டிக் கடலடிச் சேற்றில் பார்த்த ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி காக்கோலித் என்று பெயர் வைத்தார். அவரும் முதலில் இவை உயிரிலிருந்து வந்தவை என்று நினைக்கவில்லை. இவை தட்டையானவை அல்ல, ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்தவை, வெறும் படிகம் இப்படி வளராது என்று 1861-இல் எடுத்துக்காட்டியவர் புவியியலாளர் சார்பி. வடிவத்தைப் பக்கவாட்டிலும் யோசித்துப் பார்த்தவருக்குத்தான் விஷயம் புரிந்தது. இன்றும் நிலைமை அதுதான்.

பொது வகைகள் மூன்று. ஹெட்டரோகாக்கோலித்தில் வெவ்வேறு வடிவப் படிகங்கள் வளையமாகப் பின்னியிருக்கும். நாம் பார்ப்பதில் பெரும்பங்கு இதுதான். ஹோலோகாக்கோலித் என்பது ஒரே மாதிரிச் சின்னஞ்சிறு படிகங்கள் குவிந்தது. அதே பாசியின் வாழ்க்கைச் சுழலில் இன்னொரு கட்டத்தில் உருவாவது. இந்த இரண்டிலும் அடங்காதவற்றை நானோலித் என்பார்கள். நட்சத்திர வடிவ டிஸ்கோஆஸ்டர், ஐந்து துண்டு சேர்ந்து ஐங்கோணமாகும் பிராருடோஸ்ஃபேரா எல்லாம் இந்தக் கூடைக்குள் வரும்.

மண் எடுப்பது

மென்மையான களிமண், மார்ல் எனப்படும் சுண்ணம் கலந்த களிமண், கடற்சேறு ஆகியவை நல்லவை. இறுகிப் படிகமாகிவிட்ட சுண்ணாம்புக்கல்லில் நேரம் வீணாகும். காக்கோலித் தானே கால்சைட் என்பதால், பாறை மறுபடிகமாகும்போது அதுவும் கரைந்து சேர்ந்துவிடும்.

காரை மாதிரி இடத்தில் ஒரு எச்சரிக்கை. மேற்பரப்பில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடும், வெயிலில் பளபளக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நமக்கு அது நல்ல சேதி அல்ல. களிமண்ணில் உள்ள பைரைட் (இரும்பு சல்பைடு) காற்றும் நீரும் பட்டு ஆக்சிகரணமானால் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் சுண்ணத்தைத் தின்னும், மிச்சம் ஜிப்சமாக வந்து நிற்கும். அதனால் நரம்பை விட்டு விலகி, வெளுத்த மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, நிறம் மாறாத சாம்பல் களிமண் தட்டுப்படும் வரை தோண்டுங்கள். முழங்கை ஆழம் போனாலும் தவறில்லை. நெல்லிக்காய் அளவு கட்டி போதும். தனிப் பையில் போட்டு, இடம், ஆழம், அடுக்கின் உயரம் எழுதிவிடுங்கள். பையின் மேலும் எழுதுங்கள், உள்ளே ஒரு சீட்டும் போடுங்கள்.

ஸ்மியர் ஸ்லைடு

மண்ணைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசித் தயாரிப்பதுதான் ஸ்மியர் ஸ்லைடு. இதில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. கட்டியை உடைத்து, கை படாத உட்பரப்பிலிருந்து தீக்குச்சி முனையளவு மண்ணைப் புதிய பல்குச்சியால் சுரண்டுங்கள். கவர் கிளாசின் மேல் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டுக் குழப்புங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து லேசாக அமிலமாகியிருக்கும். அதில் ஓரிரு சொட்டு அமோனியா கலந்து கொஞ்சம் காரமாக்கிக்கொள்ளுங்கள். குச்சியைப் படுக்கவைத்து ஒரே திசையில் இழுத்துப் பரப்புங்கள். ஒரு ஓரம் அடர்த்தியாகவும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கட்டும், எந்த அடர்த்தி பார்க்க வசதி என்பது பிறகு தெரியும். சூடான தட்டில் காயவைக்கும்போது நீர் கொதிக்கக் கூடாது.

காய்ந்த கவர் கிளாசை ஸ்லைடில் ஒட்டுவதற்கு நார்லண்ட் 61 என்ற ஒளியியல் பசையைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.56. புற ஊதா விளக்கில் சில நிமிடங்களில் இறுகும். விளக்கு இல்லையென்றால் நம் ஊர் உச்சி வெயிலும் அந்த வேலையைச் செய்துவிடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய கனடா பால்சமும் சரிதான், கொப்புளம்தான் தொல்லை.

ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் குச்சி. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிக்கிற காலத்தில் ஒருமுறை கண்ணாடிக் கோல் ஒன்றைக் கழுவி மறுபடி பயன்படுத்தினேன். மறுநாள் என் கிரேட்டேசியஸ் களிமண்ணில் அழகான ஆறு கதிர் டிஸ்கோஆஸ்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. டிஸ்கோஆஸ்டர் பேரினமே கிரேட்டேசியஸுக்கு அடுத்து வந்த பேலியோசீனில்தான் தோன்றுகிறது. அரை மணி நேரம் உலகையே மாற்றப்போகும் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் அதே கோலால் கலக்கியது ஆழ்கடல் சேறு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நுண்ணோக்கி

வேண்டியவை நான்கு. எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும் 100 மடங்கு பொருள்வில்லை, அதாவது மொத்தம் 1000 மடங்கோ அதற்கு மேலோ. ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு வடிகட்டிகள்: கீழே போலரைசர், மேலே அனலைசர். முழு வட்டமாகச் சுழலும் தளம். கண்வில்லையில் அளவுகோல். இந்த இரண்டுக்கும் நடுவே செருகும் ஜிப்சம் தட்டு இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம். சுழலும் தளம் இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள். சாதாரண உயிரியல் நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு துண்டுகளைச் செருகிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி இனங்களுக்கு மேல் அதில் சொல்ல முடியாது.

தளத்தின் மையத்தை வில்லையின் மையத்தோடு முதலில் பொருத்திவிடுங்கள். இல்லையென்றால் சுழற்றும்போது தகடு பார்வையை விட்டு ஓடிவிடும். பிறகு ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவு பொறித்த ஸ்லைடு) வைத்து, உங்கள் கண்வில்லையின் ஒரு கோடு எத்தனை மைக்ரான் என்று கணக்கிட்டு நுண்ணோக்கியின் மேலேயே ஒட்டி வையுங்கள். காக்கோலித்தில் ஒரு மைக்ரான் வித்தியாசம் இனத்தையே மாற்றிவிடும். ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா என்ற பேரினத்தில் 7 மைக்ரானுக்கு மேல் இருந்தால் சூடோஅம்பிலிகஸ் என்று ஒரு பெயர், 3 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் மினூட்டா என்று வேறு பெயர்.

ஒளியைப் படிக்கக் கற்பது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மற்ற பகுதிகளை வேகமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை நிதானமாகப் படியுங்கள்.

கால்சைட் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு திசையில் விலகல் எண் 1.658, மற்றதில் 1.486. இடைவெளி 0.172, பரவலாகக் கிடைக்கும் கனிமங்களில் இது மிக அதிகம். குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே, ஒரு மைக்ரான் தடிமனே உள்ள தகடுகூட ஒளிர்வது இதனால்தான். படிகத்தின் முதன்மை அச்சு படுக்கையாக இருந்தால் ஒரு மைக்ரான் தடிமனில் சாம்பல் தெரியும். ஒன்றரையைத் தாண்டினால் வெள்ளை மஞ்சளாக மாறும், மூன்றை நெருங்கினால் ஆரஞ்சும் சிவப்பும். அதாவது நிறம் என்பது தடிமன். ஸ்லைடில் மஞ்சளாகப் பளிச்சிடுவது தடித்த ஆசாமி என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அதே படிகத்தின் அச்சு உங்களை நோக்கி நேராக நின்றால் ஒளி பிரியாது, எவ்வளவு சுழற்றினாலும் இருட்டாகவே இருக்கும். டிஸ்கோஆஸ்டர் இப்படித்தான். சாதாரண ஒளியில் நட்சத்திரமாக நிற்கும், அனலைசரைப் போட்டதும் காணாமல் போகும்.

காக்கோலித்தின் வளையத்தில் அச்சு செங்குத்தாக நிற்கும் படிகங்களை வி அலகு என்றும், ஆரம்போல வெளிநோக்கிப் படுத்திருப்பவற்றை ஆர் அலகு என்றும் சொல்வார்கள். வி இருட்டு, ஆர் வெளிச்சம். இந்த இரண்டும் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் பெரும் குடும்பங்களைப் பிரிக்கிறது. காக்கோலிதஸ் பெலாஜிகஸ் என்ற இனத்தின் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு வி அலகால் ஆனது, அதனால் வெளிவட்டம் மங்கி உள்வட்டம் மட்டும் ஒளிரும். ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ராவில் இரு தட்டுகளும் ஆர் அலகு, முழுத் தகடும் ஒளிரும். சாதாரண ஒளியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீள்வட்டம். அனலைசரைப் போட்டால் குழப்பம் தீர்ந்தது.

இனி, புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் விழும் குழி. ஒளிரும் வட்டத்தின் மேல் கருப்பாக ஒரு சிலுவை தெரியும். அது தகட்டின் உறுப்பு அல்ல. எந்தெந்த இடத்தில் படிக அச்சு போலரைசரின் திசையோடு ஒத்துப்போகிறதோ அங்கே ஒளி அணைகிறது, அவ்வளவுதான். ஆனால் சில இனங்களின் மையத்தில் கால்சைட்டாலேயே கட்டிய உண்மையான சிலுவையும் உண்டு. எது எது?

தளத்தைச் சுழற்றுங்கள். உண்மையான சிலுவை தகட்டோடு சேர்ந்து சுற்றும். ஒளி அணைந்த சிலுவை கண்வில்லையின் குறுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். நீள்வட்டத் தகடுகளில் அதன் கைகள் கொஞ்சம் வளைந்து நெளியும், ஆனால் கூடவே சுற்றாது. ஒரு நாள் முழுக்க இதை மட்டும் பழகுங்கள், பெயர் எதுவும் சொல்லாமல். நின்றது ஒளி, சுற்றியது கல்.

அந்தக் கருஞ்சிலுவை வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். கைகள் நேராக இருந்தால் அச்சுகள் சரியாக ஆரத் திசையில் உள்ளன. கைகள் காற்றாடிபோல் ஒரு பக்கம் வளைந்தால் படிகங்கள் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன. வாட்ஸ்நாவேரியா என்ற பேரினத்தின் சுழலும் சிலுவையை நான்கு முறை பார்த்துவிட்டால் தூக்கத்தில்கூட மறக்காது.

கேள்விகளின் வரிசை

ஒவ்வொரு தகட்டுக்கும் இதே வரிசையில் கேளுங்கள். படப் புத்தகத்தைப் புரட்டி முகச்சாயல் தேடுவதைவிட இது மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் தவறாது.

முதலில், இது காக்கோலித்தானா? களிமண் துகள் ஒளிராது. குவார்ட்ஸ் ஒழுங்கற்ற துண்டாக, சுழற்றினால் முழுதாக எரிந்து முழுதாக அணையும். டாலமைட் சாய்சதுரம், உயர் நிறங்கள். காக்கோலித்தில் பகுதி பகுதியாக வெளிச்சம் மாறும்.

அடுத்து மேலிருந்து பார்க்கும் வெளிக்கோடு: வட்டமா, நீள்வட்டமா, பலகோணமா, நட்சத்திரமா, கம்பியா. பிறகு விளிம்பு. இரண்டு தட்டுகள் குழாயால் இணைந்த சட்டைப் பொத்தான் போன்றது பிளாகோலித். கிண்ணத்தின் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை விளிம்பு மியூரோலித். குவிமையத் திருகை மெல்ல ஏற்றி இறக்கினால் இது புரியும். பிளாகோலித்தில் ஒரு தட்டு தெளிந்து மறைந்தபின் இன்னொன்று தெளியும். அதற்கடுத்து, எந்த வளையம் ஒளிர்கிறது, எது மங்குகிறது. மையப்பகுதி மூடியா, திறந்தா, பாலமா, சிலுவையா, வலையா. சிலுவை என்றால் நீள்வட்டத்தின் அச்சோடு ஒத்துப்போகும் கூட்டல் குறியா, மூலைவிட்டமாகப் பெருக்கல் குறியா. கடைசியாக அளவு.

இத்தனையும் குறிப்பேட்டில் எழுதி, கோணல்மாணலாக ஒரு படமும் வரைந்தபிறகுதான் பெயரைத் தேட வேண்டும். வரையும் கை கேமராவைவிட நேர்மையானது, பார்க்காததை வரைய முடியாது.

ஒரு தகட்டை முழுதாகப் பார்ப்போம்

சாதாரண ஒளியில் ஒரு நீள்வட்டம். கண்வில்லையில் அளந்தால் நீளம் 8 மைக்ரான், அகலம் 6. நடுவில் ஏதோ புகைபோல் குறுக்குக் கோடுகள். திருகை ஏற்றினால் மையத்தில் ஒரு புள்ளி மட்டும் தனியாகக் கூர்மையாகிறது. முன்பு அங்கே முள் ஒன்று நின்றிருந்திருக்கிறது, இப்போது அடிக்கட்டை.

அனலைசரைப் போடுகிறோம். வெளிவிளிம்பு மெல்லியது, மங்கல். அதற்கு உட்பக்கம் அகன்ற வெண்ணிற வளையம் ஒன்று பளிச்சென்று எழுகிறது. அதற்குள்ளே ஒளிரும் குறுக்குக் கைகள். இது பெருக்கல் குறியா, கூட்டல் குறியா? அவசரப்படாதீர்கள். நீள்வட்டத்தின் நீண்ட அச்சை வடக்கு தெற்காகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது கைகள் நான்கு மூலையை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. மெதுவாகச் சுழற்றினால் கைகளும் கூடவே சுற்றுகின்றன. ஆகவே உண்மையான சிலுவை, மூலைவிட்டமானது.

ஒற்றை விளிம்பு, அகன்ற ஒளிரும் உள்வளையம், மூலைவிட்டச் சிலுவை, நடுவில் முள்: எய்ஃபெல்லிதஸ் டூரிசைஃபெலி. நெட்டையான முள்ளைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு ஈஃபிள் கோபுரம் நினைவுக்கு வந்திருக்கிறது, பெயரில் கோபுரமே நிற்கிறது.

இதே உருவில் கைகள் அச்சோடு ஒத்துப்போகும் கூட்டல் குறியாகவோ, அதிலிருந்து சற்றே திரும்பியோ இருந்தால் அது எய்ஃபெல்லிதஸ் எக்ஸிமியஸ், டூரோனியனில் வருவது. அந்தச் சில பாகைச் சாய்வுக்குள் பல லட்சம் ஆண்டுகள் இருக்கின்றன. பெருக்கல் குறி இருந்தும் அகன்ற உள்வளையம் இல்லை என்றால் கயாஸ்டோசைகஸைத் தேடுங்கள்.

காரையில் எதிர்பார்க்க வேண்டியவர்கள்

வாட்ஸ்நாவேரியா பார்னெசியேதான் ஊர்ப் பெரும்பான்மை. நீள்வட்டப் பிளாகோலித், மையம் மூடியது அல்லது ஊசித்துளை, முழுதும் ஒளிரும். கரைதலைத் தாங்கும் தடித்த இனம். உங்கள் எண்ணிக்கையில் இது 40 சதவீதத்தைத் தாண்டினால், மெல்லிய இனங்கள் கரைந்துபோய் இது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று சந்தேகப்படுவது வழக்கம். இதன் வட்ட வடிவ உறவினர் சைக்லாஜெலோஸ்ஃபேரா.

ப்ரெடிஸ்கோஸ்ஃபேரா கொலும்னேட்டா சிறியது, வட்டமானது. பதினாறு இதழ் கொண்ட விளிம்பு, நடுவில் சிலுவை. இதழ்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், மனதுக்குத் திருப்தியாக இருக்கும். ஸூக்ராப்டோடஸ் மியூரோலித், குறுக்கே ஒரே ஒரு பாலம். மைக்ரோராப்டுலஸ் டெகோராடஸ் கம்பி வடிவம். அனலைசர் போட்டால் சதுரங்கப் பலகைபோல் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஓடும், வேறு எதனோடும் குழம்பாது. க்வாட்ரம் கார்ட்னெரி நான்கு கட்டிகள் ஒட்டிய சதுரம்.

கனசதுரம் போன்ற மிக்யூலா கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அது டூரோனியனுக்கு அடுத்த கட்டமான கோனியாசியனில் தோன்றுவது. ஒன்று உங்கள் மண் கலந்திருக்கிறது, அல்லது நீங்கள் நினைத்த அடுக்கில் நீங்கள் நிற்கவில்லை.

எண்ணுவது

300 தகடுகள் எண்ணுவது பலர் பின்பற்றும் கணக்கு. காரணம் எளிது. ஓர் இனம் மொத்தத்தில் ஒரு சதவீதம் இருந்தால், 300 எண்ணும்போது அதை முழுதாகத் தவறவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம்தான். 100 மட்டும் எண்ணினால் அந்த வாய்ப்பு 37 சதவீதம் ஆகிவிடும். எண்ணி முடித்தபிறகும் நிறுத்திவிடாதீர்கள். மேலும் இரண்டு மூன்று நீள வரிசைகளை எண்ணாமல் மேய்ந்து பாருங்கள். வயது சொல்லும் இனம் பெரும்பாலும் அரிதானது, அது 300-க்குள் வந்து மாட்டிக்கொள்ளும் என்ற கட்டாயம் இல்லை.

தகடுகள் எவ்வளவு கெடாமல் இருக்கின்றன என்ற பாதுகாப்பு நிலையையும் எழுத வேண்டும். ஓரம் அரித்து மெலிந்திருக்கிறதா, அல்லது மேலே கால்சைட் வளர்ந்து தடித்திருக்கிறதா? ஒரே ஸ்லைடில் இரண்டும் இருக்கலாம். கரைந்த மெல்லிய இனத்தின் கால்சைட்தான் பக்கத்திலுள்ள தடித்த இனத்தின் மேல் போய் ஏறியிருக்கும்.

ஆழ்கடல் சேறு வைத்திருப்பவர்களுக்கு

கிரேட்டேசியஸுக்கு வெகு பின்னால் வந்த நியோஜீன் காலத்துச் சேற்றில் வேலை வேறு மாதிரி. அங்கே டிஸ்கோஆஸ்டர்தான் கடிகாரம், அதை அனலைசர் இல்லாமல் தேட வேண்டும். கதிர்களை எண்ணுங்கள், பிறகு நுனியைப் பாருங்கள். ஆறு கதிர், நுனி எளிமையானது, கதிர்கள் குடைக்கம்பிபோல் கீழே வளைந்தவை: ப்ரௌவெரி. ஆறு கதிர், நுனி மூன்றாகப் பிரிந்தது: சர்க்யுலஸ். நான்கு கதிர்: டமாலிஸ்.

ஐந்து கதிர் வந்தால்தான் தகராறு. கதிர்களுக்கு இடையே கோணத்தை மதிப்பிடுங்கள். எல்லா இடைவெளியும் ஏறக்குறைய 72 பாகை என்றால் உண்மையான ஐந்து கதிர். நான்கு இடைவெளி 60 பாகையும் ஒன்று மட்டும் 120 பாகையும் என்றால், ஆறு கதிரில் ஒன்று ஒடிந்தது, முறிந்த அடித்தண்டு தெரிகிறதா என்று பாருங்கள். ஒடிந்த தடமும் இல்லை, கோணமும் சமமில்லை என்றால் அசிமெட்ரிகஸ். நுனி இரண்டாகப் பிரிந்த சமச்சீர் ஐந்து கதிர் என்றால் அனலைசரைப் போடுங்கள். லேசாக ஒளிர்ந்தால் பென்டாரேடியாட்டஸ். டிஸ்கோஆஸ்டர் ஒளிராது என்ற விதிக்கு இது விலக்கு, அந்த விலக்கே அதன் அடையாளம்.

இந்த இனங்கள் பிளியோசீனின் பின்பகுதியிலும் பிளைஸ்டோசீன் தொடக்கத்திலும் ஒவ்வொன்றாக மறைகின்றன. கடைசியில் ப்ரௌவெரி ஏறக்குறைய 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைவதோடு அந்தக் குலமே முடிகிறது. இன்றும் கடலில் வாழும் எமிலியானியா ஹக்ஸ்லேயி தோன்றி மூன்று லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. அது மிகச் சிறியது, மங்கலாக ஒளிர்வது. அதன் டி வடிவக் கூறுகளை ஒளி நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க முடியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

வயது சொல்வது

அடுக்குகளை அவற்றிலுள்ள இனங்களை வைத்து மண்டலங்களாகப் பிரித்து எண் இடுவார்கள். கிரேட்டேசியஸுக்கு சிசிங் 1977-இல் வகுத்த சிசி மண்டலங்களும், பர்னெட் 1998-இல் வகுத்த யூசி மண்டலங்களும் புழக்கத்தில் உள்ளன. அதற்குப் பிந்தைய சீனோசோயிக்குக்கு மார்ட்டினி 1971-இல் வெளியிட்ட என்பி, என்என் வரிசை. மண்டலத்தின் எல்லை பெரும்பாலும் ஓர் இனத்தின் முதல் தோற்றம் அல்லது கடைசித் தோற்றம்.

நம் காரை ஸ்லைடுக்கு வருவோம். எய்ஃபெல்லிதஸ் டூரிசைஃபெலி இருக்கிறது, ஆகவே மண் சிசி9-இன் அடிப்பகுதியைவிடப் பழையது அல்ல, ஆல்பியன் பிற்பகுதியோ அதற்குப் பிந்தியதோ. மைக்ரோராப்டுலஸ் டெகோராடஸ் வந்தால் சிசி10, க்வாட்ரம் கார்ட்னெரி வந்தால் டூரோனியன் தொடக்கமான சிசி11. இரண்டும் இல்லை. ஆக்ஸோபோடோராப்டஸ் ஆல்பியானஸும் இருக்கிறது, அது ஆல்பியனுக்கும் டூரோனியனுக்கும் இடைப்பட்ட செனோமேனியன் கட்டத்தின் பிற்பகுதியில் மறைகிற இனம். ஆகவே சிசி9. ஆனால் இந்த மண்டலம் ஆல்பியனிலும் செனோமேனியனிலும் கால் வைத்து நிற்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்ல, செனோமேனியன் தொடக்கத்தை ஒட்டி வரும் கொரோலிதியான் கென்னெடியைத் தேட வேண்டும். அது சிறியது, மெலிந்தது. பாதுகாப்பு மோசமான ஸ்லைடில் அது இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இருப்பது சாட்சி, இல்லாதது வெறும் சந்தேகம்.

இன்னொரு சிக்கல், பழைய பாறை அரித்து வந்து புதிய படிவில் கலப்பது. அப்போது மறைந்திருக்க வேண்டிய இனம் மேலேயும் தலைகாட்டும். மற்றவற்றைவிட நிறம் மங்கிய, அதிகம் உடைந்த, கூட்டத்தில் பொருந்தாத ஒன்றிரண்டு தகடுகளைத் தனியே குறியுங்கள். எண்ணெய்க் கிணற்றின் துளைத் துகள்களில் நிலைமை தலைகீழ். மேலடுக்கு மண் இடிந்து கீழே விழும், இளைய இனங்கள் ஆழத்தில் கிடைக்கும். அதனால் அங்கே முதல் தோற்றத்தை நம்ப மாட்டார்கள். மேலிருந்து கீழே வரும்போது ஓர் இனம் முதன்முதலாகத் தட்டுப்படும் இடத்தை, அதாவது அதன் கடைசித் தோற்றத்தை வைத்தே வேலை செய்வார்கள்.

பெயரை எழுதும் விதம்

இவை பாசிகள் என்பதால் தாவரப் பெயரிடல் விதிகள்தான் பொருந்தும். இனப் பெயரில் உறுதி இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு எஸ்பி (sp., இனம் தெரியவில்லை) என்று போடுங்கள். பெரும்பாலும் அதுதான், ஆனால் கெட்டுப்போயிருக்கிறது என்றால் சிஎஃப் (cf., ஒப்பிடுக) சேர்க்கலாம். எஸ்பி என்று எழுதுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் முழுப் பெயர் போட்ட அட்டவணையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஒப்பிடுவதற்கு நானோடாக்ஸ் இணையதளத்தில் படங்களும் பெயர் வரலாறும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கட்டுரையில் பார்த்த பெயர் இன்று வேறாக மாறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

படம் எடுத்தால் ஒரே தகட்டை மூன்று விதமாக எடுங்கள்: சாதாரண ஒளி, அனலைசர் போட்ட குறுக்கு ஒளியில் நீண்ட அச்சு நேராக, குறுக்கு ஒளியில் 45 பாகை திருப்பி. அளவுகோல் இல்லாத படத்தால் பிறருக்குப் பயன் இல்லை. ஸ்லைடை எப்போதும் பெயர்ச்சீட்டு இடப்பக்கம் இருக்கும்படி மாட்டி, தளத்தின் இரண்டு அளவுகளையும் படித்து, முக்கியமான தகடு ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிவையுங்கள். எட்டு மைக்ரான் தகட்டை அந்த இரண்டு எண்கள் இல்லாமல் மறுபடி தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதைவிடக் கஷ்டம். ஊசியாவது கையில் குத்தும்.